ஒரு படம், ஒரு கேள்வி

என் அன்புக்குரிய உங்களுக்கு,

நானும் மகளும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்பீர்கள், அதற்கு மேல் பேச்சு நகராது. போனில் எதைக் கேட்டாலும் சிரித்து மழுப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன்.

சமையலறைக் குழாயை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. மகள் கணக்கில் தேறிவிட்டாள், கையெழுத்துத்தான் இன்னும் கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. அது உங்கள் பக்கத்துச் சொத்து, நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நான் எழுத வந்தது நீங்கள் எனக்குச் செய்து அனுப்பும் ஸ்லைடுகளைப் பற்றி. இதற்கா ஒரு கடிதம் என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் இங்கே கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்த காலத்திலிருந்தே என் வரலாற்று வகுப்புக்கு ஸ்லைடு உங்கள் பொறுப்பு. பிழைப்புக்காக அந்த ஊருக்குப் போய்ப் பேருந்து ஓட்ட ஆரம்பித்த பிறகும் அதை விடவில்லை. வாராவாரம் நான் பாடத்தைச் சொல்ல, நீங்கள் செய்து அனுப்புவீர்கள். உங்கள் கைவண்ணம் எனக்குத் தெரியாதா? ஒரு ஸ்லைடில் ஐந்து படம், படத்தின்மேல் எழுத்து, எழுத்தின்மேல் பூ. ராஜாவின் பெயர் சுழன்று சுழன்று வந்து விழும், கூடவே குதிரைக் குளம்புச் சத்தம். பிள்ளைகள் அடுத்த சத்தத்துக்குக் காத்திருப்பார்களே தவிர, ராஜா என்ன செய்தார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பஞ்சத்தைப் பற்றிய பாடத்துக்கு ரோஜாப்பூ பார்டர் போட்ட மனுஷன் நீங்கள். ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம் போதும், மிச்சத்தை நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். வெறிச்சுனு இருந்தா பிள்ளைங்க தூங்கிடும் டீச்சரம்மா என்றீர்கள்.

அப்படிப்பட்டவரிடமிருந்து அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு வந்த ஸ்லைடுகளை, அனுப்பியது நீங்கள்தானா என்று இரண்டு தடவை திறந்து பார்த்தேன். திரை முழுக்க ஒரே படம். கீழே கறுப்புப் பட்டையில் வெள்ளையாக, கொட்டை எழுத்தில் ஒரே ஒரு கேள்வி. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களின் பழைய படத்துக்கு, 'மூட்டை யாருடையது?' அவ்வளவுதான். பூவும் இல்லை, குதிரையும் இல்லை. மணி அடிக்கும்வரை வகுப்பே அதைப் பற்றிச் சண்டை போட்டது. கடைசி பெஞ்சிலிருந்தெல்லாம் கை தூக்கினார்கள். தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, மற்ற ஆசிரியர்களுக்கும் இப்படி நடத்திக் காட்டுங்கள் என்றார். எல்லாரும் பாராட்டினார்கள், எனக்கு உள்ளே புகைந்துகொண்டிருந்தது.

நான் இத்தனை வருஷம் சொல்லிக் கேட்காதவர், யார் சொல்லிக் கேட்டார்? யாரோ ஒருத்திதான் இதைச் செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். மாடி வீட்டு நர்ஸ் ரொம்ப உதவி என்று இரண்டு மூன்று தடவை உங்கள் வாயிலிருந்தே வந்தது. என்ன உதவி என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கௌரவம் பார்த்துக் கேட்கவில்லை.

பிறகு மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்துகொண்டது. நீங்கள் எனக்கு டைப் செய்து அனுப்புவதே நின்றுபோய், எல்லாம் வாய்ஸ் மெசேஜ் ஆகிவிட்டது. மகளுக்கு முடியை ஒட்ட வெட்டிப் படம் அனுப்பினேன், ஜடை அழகா இருக்கு என்றீர்கள். பெற்ற பிள்ளையின் படத்தைத் திறந்துகூடப் பார்க்க முடியாதபடி அங்கே அப்படி என்ன வேலை என்று கத்தினேன். சமையலறைக் குழாய் சரியாச்சா என்று பேச்சை மாற்றினீர்கள். வசமாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

எந்தப் படத்தைப் பார்த்தாலும் யார் எடுத்தது, யாருக்காக எடுத்தது, எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்கத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் ஸ்லைடுகளிடமும் அதையே கேட்க ஆரம்பித்தேன்.

போன வாரம் மறுபடி பஞ்சப் பாடம். தானியத்துக்கு நிற்கிற வரிசை என்று ஒரு படம் வைத்து, 'இவர்கள் எதற்காக நிற்கிறார்கள்?' என்று கேட்டிருந்தீர்கள். முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி, சினிமாவுக்கு டீச்சர் என்றாள். வகுப்பே சிரித்தது. கிட்டே போய்ப் பார்த்தால், மூலையில் பொடியாகத் தியேட்டர் போர்டு தெரிகிறது. அடுத்து வந்த வரைபடத்தில் பஞ்சம் வந்த பகுதியும் வராத பகுதியும் ஏறக்குறைய ஒரே பழுப்பு. இவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறவள் இதைக் கோட்டை விடுவாளா என்று அங்கேதான் எனக்கு உதைத்தது.

அந்த வகுப்பு முடிந்ததும் கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி வந்தாள். மூக்குக் கண்ணாடியை உடைத்துவிட்டு, வாங்கித் தர ஆளில்லாமல் இருப்பவள். இப்பல்லாம் கண்ணாடி இல்லாமலே எல்லாம் தெரியுது டீச்சர், எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு என்றாள். நான் உங்கள் ஸ்லைடுகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி திறந்து பார்த்தேன்.

செய்வது நீங்களேதான். உங்களுக்குத் தெரிகிற அளவுக்குச் செய்கிறீர்கள். சின்ன எழுத்து தெரியவில்லை, அதனால் பெரிய எழுத்து. ஐந்து படம் வைத்தால் குழம்புகிறது, அதனால் ஒன்று. உங்கள் அப்பாவுக்கும் இந்த வயதில்தான் பார்வை போக ஆரம்பித்தது. டம்ளருக்கு வெளியே தண்ணீரை ஊற்றிவிட்டு, கை நடுங்குது என்று நம்மை ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

ஒருத்தி இருந்திருந்தாலே தேவலை என்று நினைக்கிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டீர்கள். சண்டையாவது போட்டிருப்பேன்.

கண்ணைப் பற்றிச் சொன்னால் வேலை போய்விடும் என்றுதானே மறைக்கிறீர்கள்? போகட்டும். தினமும் ஒரு பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறீர்கள். அவர்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது. எனக்குக் கோபமும் வருகிறது, பயமும் வருகிறது. பிள்ளை முன்னால் அழாமல் இருக்கப் படாத பாடு படுகிறேன்.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கடிதத்தை வேண்டுமென்றே பொடி எழுத்தில், வெளுத்த நீல மையில் எழுதியிருக்கிறேன். யார் உதவியும் இல்லாமல் நீங்களே இதுவரை படித்திருந்தால், சந்தேகப் பிராணி என்று வாய் நிறையத் திட்டுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

இல்லை, வேறு யாரோ உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள் என்றால், இனி எழுதுவது அவருக்கு.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. மாடி வீட்டு நர்ஸ்தான் என்றால், தப்பாக நினைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த இடம் வந்ததும் என் வீட்டுக்காரர், போதும் நிறுத்துங்க என்பார். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பேருந்துச் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். அதை வாங்கி வைத்துக்கொண்டு, அவரை எங்களிடம் அனுப்பி வையுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
அவருடைய மனைவி