பனிக்கட்டி வாளியில் என் கை

டீச்சர்,

இன்று காலை முறுக்கு மாவு பிசைய வனஸ்பதி பாக்கெட்டை வெட்டினேன். அந்த வாசனை வந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

மாப்பிள்ளையூரணிப் பள்ளியில் நம் இரண்டு ஒன்றாம் வகுப்புகளுக்கும் நடுவே ஒரு தட்டிதான். நீங்கள் பாடம் நடத்தினால் என் பிள்ளைகளும் அந்தப் பக்கமே காதைக் கொடுப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்த டிசம்பரில் சத்துணவு சமைக்கும் அக்கா, "எண்ணெ பாக்கெட்டு கொறையுது டீச்சர், யாரு எடுக்கான்னே தெரியல" என்றாள். மறுநாள் காலை நீங்கள் சாக்கு சுற்றிய பையோடு பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனீர்கள். பையை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தபோது முந்தானைக்குள் ஒரு பாக்கெட்டின் மூலை தெரிந்தது.

"என்ன டீச்சர் இங்கன?" என்றேன்.

"சும்மாதான்" என்று சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பு ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. நேரே தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டேன்.

அவர் சமையலறையிலிருந்த உங்கள் பையை வகுப்புக்குக் கொண்டுவரச் செய்து, பிள்ளைகள் பார்க்கத் திறக்கச் சொன்னார். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தேன். பை நிறைய மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கிய பனிக்கட்டி. முந்தானையில் இருந்தது கடையில் வாங்கிய வனஸ்பதி.

"குளிர்தேசத்து மிருகம் பாடத்துக்கு. முன்னாடியே தெரிஞ்சா பிள்ளையளுக்குச் சப்புன்னு போயிரும்னு மறைச்சேன்" என்றீர்கள். தலைமையாசிரியை உங்களை வெளியே அழைத்து ஏதோ பேசினார். காணாமல் போன எண்ணெய் அன்று மதியமே அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடைத்தது.

அவரிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்ததும், என் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்தீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்கு நடுவே வனஸ்பதியை அப்பி, உள் உறைக்குள் ஒரு சிறுமியின் கையை விட்டுப் பனிக்கட்டி வாளியில் வைத்தீர்கள்.

"இது மீனுக்குப் போடுத ஐசுல்லா டீச்சர்" என்றாள் அவள்.

"ஆமாளா. குளிருதா?"

"குளிரல. அப்ப பனிக்கரடிக்குள்ள நெய்யா இருக்கு?"

"தோலுக்கடியில கொழுப்பு இருக்கும்ளா. அதான் அதுக்குக் குளிர் தெரியாது."

பிறகு என்னைப் பார்த்தீர்கள். "நீங்களும் கைய வையுங்க டீச்சர். மொதல்ல வெறுங்கை." என் மணிக்கட்டைப் பிடித்து வாளிக்குள் வைத்தீர்கள். பிள்ளைகள் பத்து வரை எண்ணி முடித்த பிறகும் விடவில்லை. விரல்கள் மரத்துப்போயின. சொன்னது நான்தான் என்று இவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று உங்கள் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அதன்பின் நான்கு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். நீங்கள் குழம்பு ஊற்றும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அன்பாகப் பேசினால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். பேசாமல் இருந்தாலும் அப்படித்தான்.

உங்கள் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் தலைமையாசிரியை சொன்னார்: "யாரு சொன்னான்னு அன்னைக்கு வெளிய கூப்பிட்டப்பவே கேட்டா. ஒம்பேரச் சொல்லிட்டேன். 'சரி, அவுங்ககிட்ட கேக்காதீங்க'ன்னுட்டா."

அப்படியானால், வாளிக்குள் என் கையைப் பிடித்திருந்தபோதே உங்களுக்குத் தெரியும்.

அது தண்டனையா, மன்னிப்பா? இன்றும் எனக்குத் தெரியவில்லை. சந்தேகப்படும் புத்தியும் என்னை விட்டுப் போகவில்லை. போன வாரம் புதிதாக வந்த டீச்சர் எதையோ துணியில் சுற்றி அலமாரிக்குள் ஒளித்தாள். என் கால்கள் தாமாகவே தலைமையாசிரியை அறைப் பக்கம் திரும்பின. பாதி வழியில் நின்றேன். திரும்பிப் போய் அவளிடமே கேட்டேன்.