கிழக்குக் கேலரி டிக்கெட்

சிங்காநல்லூர்,
17.2.1995

அன்புள்ள அருண் அப்பாவுக்கு, ராசாத்தாள் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அருணும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் குளிர் விட்டதா, உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். நேற்றே எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல சேதி. புதன்கிழமை செமிபைனலில் நம் ஊர் புட்பால் டீம் ஜெயித்துவிட்டது. இரண்டுக்கு ஒன்று. இரண்டாவது கோல் அருண் போட்டது. கணுக்காலில் கொஞ்சம் வீக்கம், பயப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் போன கடிதத்தில், பத்தொன்பது வயதில் நம் பையன் பெரிய ஆட்டம் ஆடப் போகிறான், என்னால் பார்க்க முடியவில்லை, நீயாவது போய்ப் பார்த்து ஒன்று விடாமல் எழுது என்று கேட்டிருந்தீர்கள். நான் இது வரைக்கும் ஸ்டேடியம் வாசலைக்கூட மிதித்ததில்லை. மில் டீமுக்கு நீங்கள் ஆடிய காலத்திலேயே வந்ததில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டு நான் எப்படிப் போகாமல் இருப்பது.

இதிலே ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. போன வருசம் வரைக்கும் கிழக்குக் கேலரிக்கு ஐந்து ரூபாய்தானே. இந்த வருசம் முப்பது ரூபாய் என்று கமிட்டிக்காரர்கள் போர்டு எழுதி வைத்துவிட்டார்கள். வெளி மாநில டீம் வருகிறது, புதிதாக நாற்காலி போட்டிருக்கிறோம் என்று காரணம் சொன்னார்களாம். நாற்காலி போட்டது மேற்குப் பக்கம். கிழக்கே எப்போதும்போல வெறும் சிமெண்டுப் படிதான். ஆடுகிற பையன்களின் வீட்டுக்குக் கொடுக்கும் பாஸையும் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் அண்ணனை உங்களுக்குத் தெரியும். நீங்களும் அவரும் இருபது வருசம் அந்தப் படியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியவர்கள். லேத் பட்டறையில் அவருக்கு ஒரு நாளைக்கு அறுபத்தைந்து ரூபாய் கூலி. இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஒன்றரை நாள் கூலி போய்விடும் என்றார். பட்டறைக்காரர்கள், மில்லில் மிச்சமிருப்பவர்கள், சுமை தூக்குகிறவர்கள் எல்லோரையும் கூட்டி, விலையைக் குறைக்கும் வரை ஒருத்தரும் உள்ளே போவதில்லை என்று பேசி முடித்தார். முதல் மூன்று ஆட்டத்துக்கும் அப்படியே கேட்டுக்கு வெளியே நின்றார்கள். கல் எறியவில்லை, யாரையும் தடுக்கவில்லை. கவுண்டருக்குப் போகிறவர்களிடம் வேண்டாமுங்க என்று கும்பிட்டுச் சொல்வார்களாம். கேலரி காலியாகவே கிடந்தது. கமிட்டியில் இரண்டு பேர் வந்து, பைனலுக்கு முன்னால் பதினைந்தாகக் குறைக்கப் பார்க்கிறோம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டும் போனார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

அருணிடம் கேட்டேன். அவன் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டு, காலி கேலரிக்கு முன்னால் ஆடுவது எழவு வீட்டில் சாப்பிடுவது மாதிரி இருக்கிறது என்றான். அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு மெஹராஜைத் துணைக்குக் கூப்பிட்டேன். பாவம், நோன்பு வைத்திருந்தாள். திறக்கிற நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினாள். ஸ்டேடியம் வாசலில் இருநூறு பேர் இருப்பார்கள். நடுவில் அண்ணன். நான் கூட்டத்தில் நழுவிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கவுண்டரில் நிற்க ஆளே இல்லாதபோது எங்கே நழுவுவது. அண்ணன் பார்த்துவிட்டார். கிட்டே வந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏன் அம்மணி, நீயுமா?"

"உங்க மாப்ளெ ஆடறானுங்கண்ணா. அவங்கப்பா பாக்கச் சொல்லி எழுதியிருக்குதுங்க."

ஒதுங்கி வழிவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். வழிவிட்டதால் போக வேண்டியதாகிவிட்டது. அத்தனை பேர் பார்க்க முப்பது ரூபாயை நீட்டி டிக்கெட் வாங்கினேன். மெஹராஜும் வாங்கினாள்.

உள்ளே படியில் நூறு பேர்கூட இல்லை. மேற்கு வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. எதிர் டீம் பையன்கள் எல்லாம் நெட்டையாக இருந்தார்கள். அருண் ஆட்டத்துக்கு முன்னால் நம் பக்கம் திரும்பி, மாமன் உட்காரும் இடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தானா என்று தெரியவில்லை. முதல் பாதியில் அவன் காலில் பந்து நிற்கவே இல்லை. மெஹராஜின் தம்பிகள் ஆடுகிறவர்கள், அவளுக்கு விவரம் தெரியும். இவன் மனசு இங்கே இல்லை அக்கா என்றாள்.

பிறகுதான் ஆள் வர ஆரம்பித்தது. முதலில் ஐந்தாறு பேர், அப்புறம் கும்பல் கும்பலாக. சந்தோசமாகத்தான் இருந்தது. எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த ஒருவர் அடுத்தவரிடம், பொங்கியண்ணன் தங்கச்சியே டிக்கெட் வாங்கிப்போட்டு உள்ளே போயாச்சு, நமக்கு மட்டும் என்ன வந்தது என்றார். அதைக் கேட்டதும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். இடைவேளைக்குள் பாதிக் கேலரி நிறைந்துவிட்டது.

ஆள் நிறைந்ததும் அருணின் ஓட்டமே மாறியது. அதையும் சொல்லத்தானே வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது மூலையிலிருந்து நம் பையன் ஒருவன் பந்தை உயர உதைத்தான். அருண் இரண்டு பேருக்கு நடுவே எழும்பித் தலையால் முட்டினான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கண் மூடிவிட்டது. திறந்தபோது வலை ஆடிக்கொண்டிருந்தது. பையன்கள் அவன் மேல் விழுந்து கிடந்தார்கள்.

எனக்கு என்ன தோன்றியதோ, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேல் படிக்கு ஓடினேன். அங்கிருந்து பார்த்தால் வெளியே சைக்கிள் ஸ்டாண்டு தெரிகிறது. அண்ணனோடு பத்துப் பதினைந்து பேர்தான் மிச்சம். சத்தம் கேட்டு எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். யார் போட்டது என்று அண்ணன் கையாட்டிக் கேட்டார். நான் என் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்றுக் கமிட்டிக்காரர்கள் பைனலுக்கு ஐம்பது ரூபாய் என்று போர்டு மாட்டிவிட்டார்கள். முப்பது கொடுத்தவர்கள் ஐம்பதும் கொடுப்பார்கள் என்று பேச்சாம். கட்டுப்பாட்டை உடைத்த முதல் முப்பது என்னுடையது. பட்டறையில் அண்ணனைச் சிலர் கேலி பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். புதன்கிழமையிலிருந்து அவர் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அருண் வீங்கிய காலோடு அவர் வீட்டுக்குப் போனான். உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்துக் கட்டியும் விட்டாராம். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். இவனாகத்தான், மாமா நான் கோல் போட்டேன் என்றிருக்கிறான்.

"தெரியும் கண்ணு, உங்கம்மா சொல்லிப்போட்டா" என்றாராம்.

அதை அருண் வந்து சொன்னதிலிருந்து நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. உங்களுக்காகப் போனது தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகாமல் இருந்திருந்தால் அவன் அப்படி ஆடியிருப்பானா, அதுவும் தெரியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பைனலுக்கு நான் உள்ளே போகப் போவதில்லை. அண்ணனோடு கேட்டுக்கு வெளியே நிற்பேன். மெஹராஜும் வருகிறேன் என்கிறாள். அருணிடம் சொல்லிவிட்டேன். சரிம்மா என்றான்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்கும்போது பைனல் முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். அதனால் உங்களிடம் சம்மதம் கேட்கவும் வழியில்லை. கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள், அண்ணனுக்கு மட்டும் நாலு வரி ஆறுதலாக எழுதிப்போடுங்கள். எனக்கு எழுதுவதற்கு முன்னால் அவருக்கு எழுதுங்கள்.

வெளியே நின்றால் சத்தம் மட்டும்தான் கேட்குமாம். எத்தனை தரம் கேட்டது, எவ்வளவு நேரம் கேட்டது என்று விடாமல் எழுதுகிறேன். அவன் ஓடுவதையும் எழும்புவதையும் எழுத என்னால் ஆகாது. அதற்கு அவன் அப்பா நேரில் வந்து பார்க்க வேண்டும். லீவு கேட்டுப் பாருங்கள்.

மாசாணியம்மன் உங்கள் கூடவே இருப்பாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ராசாத்தாள்