அழாமல் வீங்கிய இமைகள்

நவம்பர் 4, செவ்வாய்

சின்னு, விடிந்ததிலிருந்து மழை. வாய்க்கால் நிரம்பி வாசல் வரை தண்ணீர். செம்பனை நர்சரிக்கு வேலைக்குப் போகவில்லை. உன் பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை வர வேண்டாம் என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோரே சொல்லிவிட்டார். செம்பனைக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்களோ. இந்த மழையில் ஊற்றவே வேண்டாம்.

காலையில் கண்ணாடி பார்த்தேன். மேல் இமை இரண்டும் உப்பிக் கிடக்கிறது. கண் வெறும் கோடு. வலி இல்லை. அரிப்பு இல்லை. சிவப்பும் இல்லை.

துக்கம் கேட்க அசாம் ஜாவா ஊரிலிருந்து ஒரு வேன் பெண்கள். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா என் முகவாயைப் பிடித்து அவர்கள் பக்கம் திருப்பினாள். "பாருங்கடி, கூடப் பொறந்த பாசம்னா இதுதான். கண்ணு ரெண்டும் இட்லி மாதிரி இருக்கு."

அப்புறம் குரலைத் தணித்தாள். ஆனால் உன் வீட்டுக்காரன் காதில் விழுகிற மாதிரி. "சில பேருக்கு கண்ணு காஞ்சே கெடக்கு லா."

குமார் கொட்டகையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் அழவே இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் ஒரு சொட்டு வரவில்லை. காலையில் போன் போட்டு "மூச்சு வாங்குதுக்கா" என்றாய். மத்தியானம் நீ இல்லை. அந்த இடத்திலேயே நிற்கிறேன். இமை மட்டும் தானாக வீங்குகிறது. எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. ஈரத் துணி மூன்று வாளி.

இமைக்கு இதுவரை செய்தது: ஐஸ் பெட்டியில் வைத்த கரண்டி. தேயிலைப் பை, நனைத்து. வெள்ளரிக்காய், பாதி வைத்தேன், பாதி தின்றேன். தலைக்கு இரண்டு தலையணை, கழுத்து வலிதான் மிச்சம். பார்மசிக்காரப் பையன் கொடுத்த அலர்ஜி மாத்திரை. தூங்கித் தூங்கி விழுந்தேன், வீக்கம் அப்படியே.

மத்தியானத்துக்கு மேல் இமை கொஞ்சம் வடிகிறது. சாயங்காலம் கால் கனக்கிறது. செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் மறைய மாட்டேன் என்கிறது. மூத்திரம் நுரை நுரையாக. கக்கூஸ் கழுவுகிற சோப்புதான் போலிருக்கிறது.

நீ விற்றுக்கொண்டிருந்த முகக் கிரீமில் மிச்ச டப்பாக்களை எல்லாம் குமார் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். "நீங்களே வச்சிக்கிங்கக்கா. வீட்ல இத பாக்க முடியல."

மூடி திறந்தால் உன் வாசனை. "வெயில்ல நின்னு நின்னு கருவாடு மாதிரி ஆயிட்டக்கா, ஆடாம நில்லு" என்று என் கன்னத்தில் தடவுவாயே. முன்பு ராத்திரி மட்டும் போடுவேன். நீ போனதிலிருந்து காலையிலும் போடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும். கன்னம், கழுத்து, கண்ணைச் சுற்றி. வாசனை போகக்கூடாது.

நவம்பர் 7, வெள்ளி

விளக்குக்கு எண்ணெய் வாங்க வேண்டும்.

கடைசி வீட்டு நந்தினி வந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. மாசமாக இருக்கிறவள் துக்க வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவள் மாமியார் சட்டம். வாசலுக்கு வெளியே நின்றே பேசினாள்.

"அக்கா, சின்னக்காவோட கிரீம் இன்னும் இருக்கா? எனக்கு முடிஞ்சிருச்சு. புள்ள வந்ததுலருந்து மூஞ்சி கரிச்சட்டி ஆயிருச்சு."

ஒரு டப்பா எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"உங்க கண்ணு அழுத கண்ணு மாதிரி இல்லக்கா. எங்க அத்தைக்கு இப்படித்தான் இருந்துச்சு, பாத்தா தைராய்டு. கிளினிக் போங்க லா."

இத்தனை பேர் வந்து போனார்கள். இவள் ஒருத்திதான் உற்றுப் பார்த்தாள்.

நவம்பர் 10, திங்கள்

கிளினிக். காலையில் போய் மத்தியானம்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் மலாய்க்காரப் பெண், சின்ன வயசு. கூட இருந்த நர்ஸ் நம் ஆள். அவள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். வரிசையாக எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நான் கற்பனை செய்தேன் என்று நானே நினைத்துக்கொள்வேன்.

"ரொம்ப அழுதீங்களா?"

"இல்ல." வாயைத் திறந்து இதைச் சொன்னது இன்றுதான்.

டாக்டர் இமையைப் பிதுக்கிப் பார்த்தாள். மேல் இமை வீங்க நிறைய காரணமாம். தூசி, மஞ்சள், மை ஒத்துக்கொள்ளாவிட்டால் அரிக்கும். கிருமி வந்தால் சிவந்து வலிக்கும். கட்டி என்றால் ஒரு பக்கம்தான். வயசானால் தோல் தொங்கும், அது காலை மாலை பார்க்காது. தைராய்டும் உண்டு. "ரெண்டு பக்கமும், வலி இல்லாம, காலைல அதிகம்னா கிட்னியையும் பாக்கணும்" என்றாள் நர்ஸ்.

டாக்டர் என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. என் கால்தானா என்று பார்த்தேன்.

மூத்திரம் பிடித்துக் கொடுத்தேன். ஒரு பட்டையை நனைத்தார்கள். மஞ்சளாக இருந்த கட்டம் பச்சையாகிவிட்டது. உடம்பில் நிற்க வேண்டிய புரோட்டீன் கிட்னி வழியாக ஒழுகுகிறதாம். அது போனால் தண்ணீர் தோலுக்கு அடியில் தேங்கும். இமைத் தோல் மெல்லிசு, அங்கேதான் முதலில் தெரியும். நுரைக்குக் காரணம் சோப்பு இல்லை.

"மூஞ்சிக்கு என்னா போடுறீங்க?"

கைப்பையில் இருந்த உன் டப்பாவைக் கொடுத்தேன். நர்ஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேரு இல்ல, நம்பர் இல்ல, எங்க செஞ்சதுன்னு இல்ல. இந்த மாதிரி வெள்ளையாக்குற கிரீம்ல பாதரசம் கலக்குறாங்கக்கா. தோல் வழியா ரத்தத்துல போயி கிட்னிய கெடுக்கும்."

ரத்தம் எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். எடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம். தண்ணீர் பிரிகிற மாத்திரை. உப்பு குறைக்கணும், ஊறுகாய் கருவாடு கூடாது. "கிரீம இன்னிக்கே நிறுத்துங்க, அதுதான் மொத மருந்து. நிறுத்தினா நெறைய பேருக்கு சரியாயிருது. மிச்சத்த குப்பையில போடாதீங்க. பையில இறுக்கிக் கட்டி இங்க கொண்டாங்க."

அப்புறம் டாக்டர் கேட்டாள். நர்ஸ் சொன்னாள்: "வீட்ல வேற யாரு இத போடுறது?"

"என் தங்கச்சி."

"அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க."

நீ போய்விட்டதைச் சொன்னேன். ரத்தம் கட்டிப்போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதையும் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். இருவரும் மலாயில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"கிட்னி இப்படி ஒழுகுனா ரத்தம் சீக்கிரம் கட்டும்க்கா. அவங்களுக்கு அப்படித்தான் ஆச்சுன்னு இப்ப சொல்ல முடியாது. அவங்களுக்கும் கண்ணு வீங்கியிருந்துச்சா?"

பஸ்ஸில் ஏறியது ஞாபகம் இருக்கிறது. இறங்கியது ஞாபகம் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மாலை போட்ட உன் படத்தைப் போய்ப் பார்த்தேன். தீபாவளிக்கு எடுத்தது. இமை உப்பித்தான் இருக்கிறது. நாள் முழுக்கப் போனைப் பார்த்துக் கிரீம் விற்கிறாய், அதனால்தான் என்று எல்லோரும் சொன்னோம். நீயும் அப்படித்தான் சொன்னாய்.

குமாரிடம் எல்லாம் சொன்னேன். எழுந்து போய் உன் படத்தின் மாலையை நேராக்கினான். அப்புறம் சொன்னான்: "பதினாறு முடியட்டும்க்கா. இப்ப சொன்னா ஒருத்தரும் படையலுக்கு வர மாட்டாங்க. அவ பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்துவாங்க."

"நந்தினி வயித்துல புள்ள இருக்கு தம்பி. நான்தான் என் கையால குடுத்தேன்."

"உங்க தங்கச்சிக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா தன் மூஞ்சியில போடுவாளா?"

அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பிடிமானம். இன்று அதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றேன். உப்பில்லாத சோறு.

நவம்பர் 13, வியாழன்

வெயில். இமை கொஞ்சம் வடிந்திருக்கிறது. மாத்திரைக்குக் கேட்கிறது. கால் இன்னும் குழி விழுகிறது.

காரியம் முடியும் வரை என்னால் பொறுக்க முடியவில்லை. குமாரிடம் சொல்லாமல் கிளம்பினேன். உன்னிடம் வாங்கியவர்கள் வீடு ஒவ்வொன்றாக. லெட்சுமி அக்கா வீட்டில் முதலில். நான் முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"செத்தவ மேல பழி போட வந்தியா? கண்ணு வடிஞ்சிருச்சு பாரு அதுக்குள்ள. தங்கச்சிய மறந்துட்ட லா நீ!"

ஆனால் டப்பாவைக் கொண்டுவந்து என் பையில் போட்டாள். வீசினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியாக நந்தினி. வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பாதரசம், கிட்னி, வயிற்றுப் பிள்ளை, எல்லாம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்தாள். ஓரத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. நாளைக்கே கிளினிக் போய் ரத்தம் கொடு என்றேன். தலையாட்டினாள். கை வயிற்றின் மேலேயே இருந்தது.

"என் தப்புதான்க்கா. சின்னக்கா உயிரோட இருக்கறப்பவே எனக்குத் தர மாட்டேன்னுட்டாங்க. மாசமா இருக்கற, இத தொடாத, நல்லதில்லன்னு சொன்னாங்க. எவ்வளவோ கெஞ்சினேன். அவங்க போனதுக்கு அப்புறம் உங்களுக்குத் தெரியாதுன்னுதான் வந்து கேட்டேன்."

"எப்ப சொன்னா?"

"தீபாவளிக்கு முன்னாடி."

பையை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டேன். குமாரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

சின்னு, நந்தினிக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருக்கிறதே உனக்கு. தீபாவளி அன்று காலையில் எதிரே உட்கார்ந்து, உனக்கும் பூசிக்கொண்டு, என் முகத்திலும் நீதானே தடவினாய். எவ்வளவு தெரியும் உனக்கு?