சிக்கிய பின்னல்

சரஸ்வதி பூசை, இரவு

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பின்னல் கோலாட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்ததால், படிப்பை விட்ட என்னை டீச்சர் கூப்பிட்டார். மேலே கட்டித் தொங்கவிட்ட கயிறுகளை ஒழுங்காகப் பின்னிவிட்டோம். அவிழ்த்து ஆடும்போது எனக்கு முன்னால் போன சுகந்தி மாறிச் சுற்றினாள். எல்லாம் சிக்கிவிட்டது. கோயிலில் அம்மனுக்கு முன்னால் அப்படியே நின்றோம்.

"பள்ளிக்கூடம் வராததுகளைப் பிடிச்சு ஆடவிட்டால் இப்பிடித்தான்" என்று ஒரு மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

செருப்புப் போடும்போது சுகந்தி வந்தாள். "நான்தான் பிழையாச் சுத்தினனான். டீச்சரிட்டைச் சொல்லிப்போடாதையடி."

"ஓம்" என்றேன்.

நாளை மண்கும்பான் கோயிலிலும் ஆட்டம். எனக்கும் சேலை எடுத்து வைத்திருந்தார்கள்.

டீச்சர் தோளில் தட்டினார். "நாளைக்கு நீர் வரவேண்டாம் பிள்ளை. களைச்சுப்போனீர்."

அப்போது எனக்குக் களைக்கவில்லை. இப்போதுதான் உடம்பெல்லாம் நோகிறது.