மடுவில் வாசித்த பெயர்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

ஆவணித் திருவிழாவுக்கு இந்த வருஷமும் மடு மாதா கோயிலில் கூடாரம் அடித்தோம். உங்கள் தம்பிதான் வான் வண்டியில் கூட்டிப்போனான். உங்களுக்கும் ஒரு பாய் விரித்தேன்.

இரண்டாம் நாள், மரித்தோருக்கான பூசையில் உங்கள் பெயரை வாசித்தார்கள். தம்பி என் காதுக்குள், "ஆர் மச்சாள் பேர் குடுத்தது? வள்ளம்தானே ஓலைத்தொடுவாய்க் கரையில ஒதுங்கினது, அண்ணாவ இன்னும் ஆரும் காணேல்லையே!" என்றான். தெரியாது என்றேன்.

எங்களைத் தேற்ற நினைத்து, அங்கிருந்து கன்னியா வெந்நீரூற்றுக்கு வானை விட்டான். ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிச் சின்னவள் சிரித்தாள். நீங்கள் கடலுக்குப் போய்ப் பதினொரு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

"அப்பா வந்தாப்பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு வருவம், என்னம்மா?"

"ஓம்" என்று சொல்லி, சுடுதண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். கண் சிவந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே.

பூசைக்குத் துண்டுக் கடதாசியில் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தது நான்தான். கடலில் கிடக்கிற உங்களுக்கு ஒரு பூசையாவது வேண்டாமா என்று நினைத்தேன். வாசிக்கக் கேட்டபோதுதான் உறைத்தது. கரைக்கு வந்துகொண்டிருந்த உங்களை நானே திருப்பி அனுப்பிவிட்டேனோ?

மன்னிப்புக் கேட்க முகமில்லாத,
உங்கள் மனுசி