ஜீப் சத்தமும் ஒரு கேன் பாலும்

கே.ஜி.கண்டிகை அருகே,
காலனி வீட்டிலிருந்து,
நவம்பர் கடைசி

என் அன்புள்ள பாவாவுக்கு,

தபிதாள் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் நம் மகள் பிரிஸில்லாவும் நலம். புழல் சிறைக்குள் நீங்களும் இருமல் இல்லாமல், சண்டை சச்சரவு இல்லாமல் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபம் செய்கிறோம். உங்களுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகும் ஜெயில் ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, இதில் ஒளித்து எழுதியது ஒன்றுமில்லை. புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்துவிடுங்கள்.

போன தடவை மனு போட்டு உங்களைப் பார்க்க வந்தபோது, சர்க்கார் நமக்கு மாடு கொடுத்ததை மட்டும்தான் சொல்ல முடிந்தது. போலீஸ் கொடுத்த மாடா, அப்படியானால் அதன் மடியிலேயே மைக் வைத்திருப்பார்கள் என்று நீங்கள் சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பக்கத்தில் அத்தனை பேர் கத்திக்கொண்டிருக்கும்போது என்னத்தைச் சொல்ல? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

குண்டாஸ் சட்டத்தில் உங்களை உள்ளே போட்ட பிறகு, மதுவிலக்குப் பிரிவுக்குப் புதிதாகப் பிரேமா என்று ஓர் இன்ஸ்பெக்டரம்மா வந்தார். சாராயத் தொழிலை விட்டவர்களுக்கு அரசாங்கத்தில் மறுவாழ்வு நிதி உண்டு, எழுதிக் கொடுங்கள் என்று நம் காலனிக்கு வந்து சொன்னார். ஒருத்தரும் எழுதிக் கொடுக்கவில்லை. பேரைக் கொடுத்தால் புதுக் கேஸ் போடுவார்கள் என்று எல்லாருக்கும் பயம். எனக்கும்தான் பயம். ஆனால் என் பேரில் ஏற்கெனவே ஒரு கேஸ் இருக்கிறதே! போலீஸ் வந்தபோது சாராயக் கேனைக் கவிழ்க்கப் போய்க் கால் வழுக்கி விழுந்து மாட்டினேனே, அதே கேஸ். இதற்குமேல் என்ன வந்துவிடப் போகிறது என்று கையெழுத்துப் போட்டேன். மனம் திருந்தியவர் என்று என்னை எழுதிக்கொண்டார்கள். திருந்த வேண்டிய மனம் புழலில் அல்லவா இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டம் எல்லாம் இறங்கி, ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு, திருத்தணியில் மலைக்குக் கீழே ஒரு கல்யாண மண்டபத்துக்கு, மாடு வாங்கும் நிதியைக் கொடுக்கக் கூப்பிட்டார்கள். பாவா, அங்கே நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்துப்போனாரே தணிகைவேல் ஏட்டையா, அவர் எனக்கு நாற்காலி எடுத்து வந்து போட்டார். உட்காரும்மா என்றார். நான் உட்காராமல் நின்றேன். அவர் முன்னால் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லையே. பிறகு ஒரு போலீஸ் பெண் தட்டில் டீ கொண்டுவந்து நீட்டினாள். வாங்கும்போதே பாதி டீயைச் சேலையில் ஊற்றிக்கொண்டேன். பெரிய அதிகாரிகள் மேடையில் இருக்க, நம்மைப் போல ஸ்டேஷனில் போட்டோ எடுத்து வைத்திருக்கும் ஆட்களெல்லாம் கீழே மின்விசிறிக் காற்றில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று இன்ஸ்பெக்டரம்மாவைக் கேட்டேன். போலீஸுக்கு பூட்ஸுக்கும் லத்திக்கும் டீசலுக்கும் பணம் ஒதுக்கும் அதே அரசாங்கம், ஆள் மறுபடி சாராயத்துக்குப் போகாமல் இருக்கவும் வருஷா வருஷம் ஒதுக்குகிறதாம். நாம் எழுதிக் கொடுத்தால் ஸ்டேஷனில் விசாரித்து, தாசில்தார் பார்த்து, கலெக்டர் ஆபீஸ் போய், மெட்ராஸ் வரைக்கும் போய்த் திரும்புமாம். யோசித்துப் பாருங்கள் பாவா. நம் ரெண்டு பேர் பேரும் மெட்ராஸ் வரைக்கும் போனதென்றால் இதுவரை ஜெயிலுக்காகத்தான் போயிருக்கிறது. இந்தத் தடவை போன பேர் மாடாகத் திரும்பி வந்திருக்கிறது.

நல்ல கறவை. சிவப்பும் வெள்ளையும் கலந்த உடம்பு. பிரிஸில்லா கிருபை என்று பேர் வைத்தாள். தெருவில் எல்லாரும் சர்க்கார் மாடு என்கிறார்கள். காதில் மஞ்சள் வில்லை மாட்டி நம்பர் போட்டிருக்கிறது. உங்களுக்கு உள்ளே ஒரு நம்பர், அதற்கு வெளியே ஒரு நம்பர் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். சில நாள் அழுதும் இருக்கிறேன்.

எல்லாருக்கும் சந்தோஷம் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டு ஜெயம்மா அக்கா என் முகத்தைப் பார்த்தே கேட்டாள். சாராயம் வித்தவங்களுக்கு மாடு, ஒழுக்கமாக் கூலிக்குப் போனவளுக்கு ஒரு கன்னுக்குட்டி கூட இல்லையா என்றாள். அவள் கேட்டது நியாயம். அவள் புருஷன் சிவப்பிரகாசம் அண்ணன் குடித்தே போனவர். யார் கேனிலிருந்து குடித்தார் என்று நாமும் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை. அவர் போனதிலிருந்து அவள் நம் வாசலை மிதித்ததில்லை.

இப்போது நடந்த விஷயத்துக்கு வருகிறேன். மாடு வாங்கிக் கொடுத்ததோடு விடமாட்டார்கள். மாடு இருக்கிறதா, ஆள் பழைய வேலைக்குப் போகாமல் இருக்கிறாளா என்று வந்து பார்ப்பார்கள். சரியில்லை என்று எழுதிவிட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று காலனியில் பேச்சு. ஒரு நாள் காலையில் பால் கறந்து கேனில் ஊற்றி, சொசைட்டிக்குக் கிளம்பத் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தேன். முனையில் ஜீப் சத்தம் கேட்டது. நீங்கள் கற்றுக்கொடுத்ததுதானே பாவா, சத்தம் கேட்டால் யோசிக்காதே, இடது கையால் விளிம்பைப் பிடி, முழங்காலால் அடியை முட்டு, கால்வாயில் கவிழ். அத்தனை வருஷம் செய்த வேலை. கேன் கவிழ்ந்த பிறகுதான் நான் கீழே பார்த்தேன். கால்வாய் முழுக்க வெள்ளையாக ஓடுகிறது.

ஜீப் வந்து நின்றது. தணிகைவேல் ஏட்டையா பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பழைய ஆள், என் கை வேகம் அவருக்குத் தெரியாதா? இன்ஸ்பெக்டரம்மா சிரிக்கவில்லை. கவிழ்ந்த கேனை அவரே நிமிர்த்தி வைத்தார். ஏனம்மா கொட்டினீர்கள் என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை.

"நான் கொட்டலைங்க. கை கொட்டிடுச்சு" என்றேன்.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கால்வாய் ஓரமாகவே நடந்து ஜெயம்மா அக்கா வாசலுக்குப் போனார். நம் வீட்டில் எதைக் கொட்டினாலும் அவள் வாசலைத் தாண்டித்தானே போகும். இந்த வீட்டில் பால் தவிர வேறு ஏதாவது உண்டா, பக்கத்து வீட்டுக்காரியாக நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அவளைக் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், கிருபை போய்விடும். அவளுக்குச் சொல்லக் காரணமும் இருக்கிறது.

ஜெயம்மா அக்கா குனிந்து அந்தச் சாக்கடையில் ரெண்டு விரலை விட்டு, மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"இது பாலுதாங்க. இத்தினி வருசமா இந்த வாசல்ல என்னா ஓடிகினு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அந்த நாத்தத்துலதான் என் வூட்டுக்காரு போனாரு. இப்ப ஓடுறது வெறும் பாலு. அந்தப் பொண்ணு விட்டுட்டா."

பாவா, நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கோயிலில் எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன், மன்னிப்பு மன்னிப்பு என்று பாஸ்டர் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறார். அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாக்கடையில் விட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் வாசலில் ஒரு செம்புப் பால் வைக்கிறேன். முதலில் தொடவில்லை, பால் திரிந்து போனது. இப்போது செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள்.

இன்ஸ்பெக்டரம்மா கிளம்பும்போது என் தோளில் கை வைத்து, அடுத்த தடவையிலிருந்து வண்டியை முனையிலேயே விட்டுவிட்டு நடந்து வருகிறேன் என்றார். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சொன்னபடியே செய்கிறார்! டீக்கடைக்கிட்டே ஜீப்பை நிறுத்திவிட்டு, சேறானாலும் வெயிலானாலும் பூட்ஸ் காலோடு நடந்து வருகிறார். ஒரு கேன் பால் வீணாகக் கூடாது என்று போலீஸ் நடந்து வருவதை நான் எங்கே போய்ச் சொல்ல? காலனிப் பிள்ளைகள் ஓடாமல் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். எழுதிக் கொடுக்காமல் பயந்தவர்களில் ரெண்டு வீட்டுக்காரர்கள் இப்போது கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இனி என் கவலை. பங்காரு வந்தான். ஆந்திரா பார்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளைக் காரில், கூடை நிறைய ஆப்பிளோடு. அன்றைக்குச் சரக்கோடு உங்களை மட்டும் விட்டுவிட்டு ஓடியவன், என்னவோ சம்பந்தி வீட்டுக்கு வந்தது போல உட்கார்ந்தான். அடுத்த மாசம் நீங்கள் விடுதலையாகும் அன்றைக்கு ஜெயில் கேட்டுக்கே காரோடு வந்து உங்களை அழைத்துப் போகிறானாம். இப்போது கேன் வேலை இல்லையாம், சின்னப் பொட்டலம்தானாம், கையில் பிடித்தாலும் தெரியாதாம். இந்தப் பாலை வைத்து எத்தனை நாள் ஓட்டுவாய் என்று கேட்டான். அதே பாலில் போட்ட டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தான், நன்றாக இருக்கிறது என்று இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தான். நான் சண்டை போடவில்லை. அவன் போன பிறகு ஆப்பிளையெல்லாம் கிருபைக்குப் போட்டுவிட்டேன். படிக்கும் ஜெயில் ஐயா அவன் பேரைக் குறித்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

பிரிஸில்லாவுக்கு அவன் வந்தது பிடிக்கவில்லை. நைனா அந்தக் காரில் வந்தால் நான் ஹாஸ்டலிலேயே இருந்துவிடுவேன் என்றாள். சின்னப் பிள்ளை பேச்சு என்று விட்டுவிட முடியவில்லை. நர்சிங் சேர்ந்ததிலிருந்து அவள் பேசுவது குறைவு, சொன்னால் செய்கிறாள்.

நீங்கள் வெளியே வந்த பிறகு உங்கள் பேரிலும் எழுதிக் கொடுக்கலாம் என்று இன்ஸ்பெக்டரம்மா சொல்லியிருக்கிறார். பால் ஏற்றிப் போக ஒரு சின்ன வண்டி கிடைத்தால் போதும். பள்ளிப்பட்டு வரைக்கும் எந்தச் சந்து எங்கே போகிறது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அதே வழிதான், இனிமேல் பகலில் போகலாம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் உங்களுக்கும் விசாரணை உண்டு. அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அக்கம்பக்கம் என்றால் ஜெயம்மா அக்காதான். உங்களைப் பற்றி என்ன சொல்வாய் என்று நேற்று செம்பை எடுக்கும்போது துணிந்து கேட்டேன். வரட்டும், என் வாசல்ல வந்து நிக்கட்டும், மூஞ்சியப் பார்த்துட்டுச் சொல்றேன் என்றாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன வாரம் வேறு ஏதோ கேஸுக்காக வேறு ஸ்டேஷன் ஜீப் ஒன்று நேராகத் தெருவுக்குள் வந்துவிட்டது. நான் கறந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் முழங்கால் துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு, கிருபையின் மடியை விடாமல் கறந்துகொண்டே இருந்தேன். ஜீப் தாண்டிப் போய்விட்டது. பாத்திரத்தில் பால் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

கேட்டுக்கு வெளியே பங்காரு ஹாரன் அடிப்பான் பாவா. உங்கள் கால் தானாக அந்தக் காரைப் பார்த்துப் போகும். அது காலின் வேலை, உங்கள் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்கு அது தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிடுங்கள். நின்றுவிட்டால் கார் தாண்டிப் போய்விடும். ரெட்ஹில்ஸில் திருவள்ளூர் பஸ் ஏறுங்கள். அங்கிருந்து ரயிலில் திருத்தணி, அப்புறம் கண்டிகை பஸ். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் கேக் இல்லாவிட்டாலும் பால்கோவா கிளறி வைத்திருப்பேன்.

உங்களைக் காக்கிற தேவன் கேட்டிலிருந்து நம் முனை வரைக்கும் உங்கள் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும். முனையில் இறங்கி, எல்லாரும் பார்க்க, ஜெயம்மா அக்கா வாசல் வழியாக நடந்தே வாருங்கள். வெட்கப்படாதீர்கள் பாவா. அந்த வழியில் இன்ஸ்பெக்டரம்மாவே நடந்துதான் வருகிறார்.

உங்கள் காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கும்,
தபிதாள்