பளிங்கு அம்மாவுக்கு எரு

அம்மாவுக்கு,

விதைப்பு வருகிறது, நம் வயலில் நிற்கும் பயிர்த்தெய்வம் டிமீட்டர் அம்மனின் பளிங்குச் சிலைக்கு எருப் போட வா என்று ஆள் அனுப்பியிருக்கிறாய். மூத்த மகள் கையால் போட்டால்தான் கோதுமை விளையும் என்பது நம் ஊர் வழக்கம்தான். ஆனாலும் நான் வர மாட்டேன்.

அந்த அம்மன் கதையை எனக்குச் சொன்னவளே நீதான். தன் மகளைப் பாதாளத்து ராஜா தூக்கிப்போனதும், மகள் திரும்பி வரும்வரை பூமியில் ஒரு முளைகூட விடாமல் காயப்போட்டவள் அவள்.

கிழவன் ஸ்டாமாடிஸ் என்னைப் பெண் கேட்டு வந்தபோது, "ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அவருக்கு ரெண்டு ஆலிவ் தோப்பு இருக்குடி!" என்றாய். என்னை அவன் கழுதையில் ஏற்றிவிட்ட மறுநாளே நீ கோதுமை விதைக்கப் போனாய்.

இந்த வருஷம் எருவை நீயே அள்ளிப் போடு. முடிந்தால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடு.

இப்படிக்கு,
நீ தேடி வராத மகள்